கோளாறு யார் பக்கம்?

துணிக்கடைக்காரர் தெருவில் நின்று இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"கடைக்குள்ள டவர் கிடைக்காது தம்பி. உங்க வைஃபை மூலமாத்தான் பேசுறேன். விலையைச் சொல்றதுக்குள்ள கட்! நான் கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டேன்னு நினைச்சு, கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுறான்."

"எங்க லைன் சுத்தம் சார். போன் கம்பெனியைக் கேளுங்க" என்றான் புகார் கேட்கும் இளைஞன்.

"கேட்டேனே! அங்க இருக்குற பொண்ணு, தப்பு உங்க மேலதான்னு சொல்லுது."

"செய்றதையும் செஞ்சிட்டு அடுத்தவன் தலையில கட்டுறதே அவங்க வழக்கம்!"

"உங்களுக்கு வேலையே தெரியாதாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"நான் என்ன தூதுப் புறாவா? நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல சார்."

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சீறியது. "யாரு, நானா அடுத்தவன் தலையில கட்டுறேன்?"

கடைக்காரர் திகைத்தார். "தம்பி, இது அந்தப் போன் கம்பெனிப் பொண்ணோட குரலாச்சே!"

"என் சம்சாரம் சார். ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்தேதான் வேலை. காலையில இருந்து சண்டை."

"அட, இதுதானா கோளாறு! சமாதானத்துக்கு ஒரு புடவை எடுத்துக் குடுங்க. நம்ம கடையிலேயே இருக்கு. விலையை மட்டும் நேர்ல வந்து பேசுங்க. போன்ல பேசினா கட்டாயிடும்!"