பம்பில் காற்று

"காத்து முழுசா வெளிய போனாத்தான் தண்ணி ஏறும். பிரைமர் லிவரை விடாம பிடிய்யா!" என்று தீயணைப்பு நிலைய அதிகாரி கத்தினார்.

டிரைவர் பிடித்தார். குளத்துத் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் ஏறியது.

"லோ பிரஷர்ல விடவா சார்?"

"அது கொட்டித் தள்ளிடும்யா. ஹை பிரஷர்ல வை, புகை மாதிரி தூவணும். சீக்கிரம், என் பொண்ணு அங்க நிக்கிறா!"

தண்ணீர் பனியாய்ப் பறந்தது.

"சூப்பர் அங்கிள், மழை இப்படியே இருக்கட்டும்!" என்றார் போட்டோகிராபர். கல்யாண ஆல்பத்துக்காக மகளும் மாப்பிள்ளையும் ஒரே குடைக்குள் சிரித்தார்கள்.

அதிகாரியின் போன் அலறியது.

"குடோன்ல தீயா? அடடா! வண்டி வர நேரமாகுங்களே. பம்புல காத்து புகுந்துடுச்சு, ஒரு சொட்டு ஏற மாட்டேங்குது" என்றார், முகத்தில் தெறித்த சாரலைத் துடைத்தபடி.