சிக்னல் இருக்கிற வரைக்கும்

"இன்னாய்யா, நான் பேசறது கேக்குதா?" பூங்காவனம் போனில் கத்தினாள்.

"கேக்குது, கத்தாத," என்றார் கணவர் கன்னியப்பன்.

"நடுக்கடலுக்குப் போயிட்டா சிக்னல் இருக்காதாம். கப்பல் வைஃபைக்குத் தனியா காசு கட்டணுமாம். அதான் இப்பவே பேசிடலாம்னு."

மகள் சுகன்யா தன் முதல் போனஸில் எடுத்துத் தந்த சொகுசுக் கப்பல் டிக்கெட். சென்னையில் ஏறினால் மூன்றாம் நாள் திரும்பலாம்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. காத்து ஜாஸ்தியா கீதே, ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

"இதெல்லாம் ஒரு காத்தா?"

"ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கலாம்."

"அப்புறம் தொழில யாரு பாக்கறது? அத்த வுடு. வெளிய வந்து கடலப் பாரு. டார்ச்சு ஆட்டிக் காட்டறேன்."

பூங்காவனம் வெளியே வந்தாள். கப்பலின் பத்தாவது மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். இருட்டத் தொடங்கிய கடலில் கடுகளவு வெளிச்சம் ஒன்று எழும்பியது. அலையில் மறைந்து மறுபடி எழும்பியது.

"தெரியுதா? அதான் நம்ம போட்டு. வலைய வுட்டுட்டு உனக்காகத்தான் நிக்கறேன். அடேங்கப்பா, ஊரே மெதந்துகினு போற மாதிரி கீது உன் கப்பலு!"

முப்பது வருஷமாகக் கடப்பாக்கம் கரையில் நின்று அவள் வழியனுப்பிய போட்டு. ஒருநாளும் ஏறியதில்லை.

கம்பிமேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள்.



"இம்மாத்தூண்டு போட்லயாய்யா தெனமும் போய் வர்றே?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"கரையில பாக்கறப்ப பெருசா இருந்துச்சேய்யா."