எல்லாருக்கும் ஒரே பெட்டி

“இந்தப் பெட்டி நிறைஞ்சு போச்சுன்னா பழைய படமெல்லாம் தானா அழிஞ்சுடுமாம்மா?”

கேட்டவள் அப்பாவின் புது மனைவி. மகளுக்குச் சுருக்கென்றது. பதிவுத் திருமணம் முடிந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் அழிக்கிற பேச்சா?

“யாராவது அழிச்சாத்தான் அழியும்,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைஃபையோடு இணைத்துவிட்டால், வீட்டில் இருக்கிற எந்த ஃபோனிலும் டிவியிலும் அதே படங்களைப் பார்க்கலாம். அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிடுவதற்குள் மறைந்த அம்மா எடுத்த படங்களைக் கரையேற்றிவிட வேண்டும் என்றுதான் மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாளைக்குக் கிளம்ப வேண்டும்.

படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் அம்மாவைத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். கேமராவை யார் கையிலும் கொடுக்காத மகராசி. முக்கால்வாசிப் படங்களில் அவள் கட்டைவிரல்தான் மங்கலாகத் தெரியும். பள்ளிச் சீருடையில் மகள், மூலையில் விரல். நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் அப்பா, அங்கேயும் விரல். ‘விரலை எடும்மா’ என்று அப்போதெல்லாம் எவ்வளவு கத்தியிருப்பாள். இப்போது அந்த விரலைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வந்தவளுக்கு இந்த அருமையெல்லாம் எங்கே தெரியப்போகிறது? வீணாய்ப்போன படம் என்று ஒரே தட்டில் தூக்கிப் போட்டுவிடுவாள்.

புதியவளோ விடுவதாக இல்லை. இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, யார் யார் படம் போடலாம் என்று துருவினாள். உள்ளே இருப்பதெல்லாம் அப்பாவின் கண்ணிலும் படுமா என்றுகூடக் கேட்டாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். புதியவளுக்கென்று ஒரு கணக்கைத் திறந்து, ‘பார்க்க மட்டும்’ என்று அமைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“இதுல எதையும் உங்களால அழிக்க முடியாது. புதுசா எதையும் போடவும் முடியாது,” என்றாள் முகத்தில் அடித்தாற்போல்.

புதியவளின் முகம் வாடிப் போனது. எழுந்து உள்ளே போனாள். அப்பாவிடம் வத்தி வைக்கத்தான் போகிறாள் என்று மகள் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது புதியவளோடு அப்பா வரவில்லை. அவள் கையில் ஒரு பென் டிரைவ் இருந்தது.

“அழிக்கிற உரிமை எனக்கு வேண்டாம்மா,” என்றாள். பென் டிரைவை நீட்டினாள். “செத்துப்போன என் முதல் வீட்டுக்காரர் இதுலதான் இருக்கார். உங்கப்பாகிட்ட கேக்க வாய் வரல. உங்கம்மா படங்களோட இவருக்கும் கொஞ்சம் இடம் தருவியா?”