கேம் பெட்டி எங்கே மலிவு?

“இது மூணாவது தடவைப்பா. இன்னிக்காவது வாங்குவீங்களா?” கடை வாசலிலேயே மகள் கேட்டுவிட்டாள்.

“பேசாம வா. நாலு இடம் விசாரிச்சுத்தான் வாங்கணும்” என்றார் அப்பா.

ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளர் அவர். குண்டூசி வாங்கினால்கூட நாலு இடத்தில் விலை கேட்காமல் வாங்க மாட்டார். பரீட்சை முடிந்ததும் வீடியோ கேம் கன்சோல் வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லீவு பாதி ஓடிப்போச்சு. விசாரிப்புதான் முடிந்தபாடில்லை.

கடையில் ஈ, காக்கா இல்லை. கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

“வா பாப்பா. உனக்காக ஆன் பண்ணியே வெச்சிருக்கேன்.”

அவள் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு கார் ஓட்ட ஆரம்பித்தாள். எந்த மாடலில் டிஸ்க் போடலாம், எது சீக்கிரம் சூடாகும் என்று மூன்றாவது தடவையாகவும் அலுக்காமல் விளக்கினார் கடைக்காரர்.

“உங்க வீட்டு டிவிக்குப் பெரிய மாடல் வீண் சார். சின்னதே போதும்.”

அப்பா தலையாட்டிக்கொண்டே மேஜைக்குக் கீழே செல்போனைத் தட்டினார். அதே சின்ன மாடல் ஆன்லைனில் விலை குறைவு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தால் மேலும் குறையும் என்று அவருடைய கொள்முதல் மூளை சொன்னது.

“பில் போட்டுடலாமா சார்?”

மூன்று தடவை அந்த மனுஷனைப் பேசவைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்ப அவருக்கே கூச்சமாக இருந்தது. நாக்கில் சட்டென்று ஒரு பொய் வந்து உட்கார்ந்தது.

“தப்பா நினைக்காதீங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “போன வாரம் என் வேலை போயிடுச்சு. பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல.”

கடைக்காரரின் முகம் வாடிவிட்டது.

“அடடா. வாங்கலன்னா என்ன சார், குழந்தை ஆசை தீர ஆடிட்டுப் போகட்டும்.”

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி முறைத்தாள்.

“மூணு நாள் அவர் உயிரை வாங்கிட்டு, வேற இடத்துலயா வாங்குவீங்க?”

“வியாபாரம்னா அப்படித்தான். உனக்குப் புரியாது.”

அடுத்த வாரம் ஆன்லைனில் புதிதாக யாரோ ஒருவர், நம்ப முடியாத விலைக்கு அதே மாடலைப் போட்டிருந்தார். ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டார் மேலாளர்.

பெட்டி வந்தது. மகள் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

“சார், பெட்டி பத்திரமா வந்துதா?”

“யாருங்க பேசறது?”

“நான்தான் சார், கேம் கடைக்காரன். ஆன்லைன்ல போட்டது நான்தான். ஆர்டர்ல பார்த்தா, முதல் நாள் நீங்க எழுதிக் கொடுத்துட்டுப் போன அதே பேரு, அதே நம்பர். கடையை மூடிட்டேன் சார். எல்லாரும் இங்க வந்து பார்க்கறாங்க, வாங்கறது என்னவோ ஆன்லைன்ல. அதான் இருந்த சரக்கை வந்த விலைக்குத் தள்ளிட்டேன்.”

மகள் பிரித்துக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார் மேலாளர். அன்றைக்கே அங்கேயே வாங்கியிருக்கலாம். யோசித்துப் பார்த்தால், மிச்சமான பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

“இல்லங்க, அன்னிக்கு நான் வந்து...”

“சங்கடப்படாதீங்க சார். வேலை போன நேரத்துலயும் எங்கயோ புரட்டிப் பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்துட்டீங்க. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?”

மேலாளருக்கு, அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“நான் கூப்பிட்டதே வேற விஷயத்துக்கு சார். ஆன்லைன் கம்பெனி குடோன் ஒண்ணுல பார்சல் கட்ட ஆள் எடுக்கறாங்க. திங்கக்கிழமை காலைல நான் போறேன். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வெச்சிருக்கேன், வாங்க, ரெண்டு பேருமா போயிடலாம்.”