சத்தம் போடும் வாளி

குதிரைக்குத் தீனி வைக்க வாளி வாங்க வந்த நாகையா, கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்.

“பிளாஸ்டிக் எடுப்பா. தகர வாளிச் சத்தத்துக்கே குதிரை மிரளும்ல” என்றார் கடைக்காரர் ஜாபர் சாதிக்.

“சத்தந்தான் வேணும் பாய். அதுக்குக் கண்ணு போயிருச்சு. வாளியத் தட்டினாத்தான் தீனி இருக்கிற இடத்துக்கு வருது.”

“எப்படிப் போச்சு?”

“கல்யாண ஊர்வலத்துல சரவெடிப் பொறி தெறிச்சிருச்சு.”

“சிவகாசிக்காரன் எவனாவது குதிரை பக்கத்துல வெடி கொளுத்துவானா? எந்தப் படுபாவிப்பா அவன்?”

நாகையா தகர வாளியை எடுத்துக்கொண்டான். “அவுக வேணும்னு செய்யல பாய்” என்றான், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தபடி.

ஜாபர் சாதிக் திரும்பினார். படத்தில் அவர் மகன் நாகையாவின் வெள்ளைக் குதிரைமேல் இருந்தான். அதன் காலடியில் ஊதுபத்தியும் சரவெடியுமாகக் குனிந்திருந்தவர் அவரேதான்.

வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. தெருவில் நின்ற குதிரை கடைப்பக்கம் முகத்தைத் திருப்பியது.