பத்தொன்பது கைகள்

"மேடையில உங்க புத்தகத்தை வெச்சுக்கிட்டு எல்லாரும் காத்திருக்காங்க, குஸ்மா லூகிச். கிளம்புங்க."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு, ரிம்மா."

அவள் கொண்டுவந்த தேன் கேக்கைக்கூட அவர் தொடவில்லை. மனத்துணிவு பற்றி அவர் எழுதிய தத்துவப் புத்தகம், முப்பத்தெட்டு வருடத் தடைக்குப் பிறகு மாஸ்கோவில் இன்றுதான் வெளியாகிறது. அதை எழுதியதற்காக அன்று பல்கலைக்கழக உளவியல் துறையிலிருந்து அவரை நீக்கிய கூட்டத்தில், அப்போது அவர் மாணவியாக இருந்த ரிம்மாவும் இருந்தாள்.

"எங்க மேல இன்னும் கோவம் தீரலையா? தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் கை தூக்கினேன். வெக்கத்துல யார் மூஞ்சியையும் பாக்கல."

"உங்களையெல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டேன். ஒரே ஒரு ஆளைத்தான் மன்னிக்க முடியல."

"யாரு, கட்சிச் செயலாளரா? அந்த ஆள்தான் செத்துப்போயிட்டாரே!"

அவர் மேசை டிராயரிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து நீட்டினார். அந்தக் கூட்டத்தின் குறிப்பு.

"சத்தமாப் படி."

"பேராசிரியரை நீக்கும் தீர்மானம். வருகை பத்தொன்பது பேர். ஆதரவு பத்தொன்பது. ஏகமனதாக நிறைவேறியது." ரிம்மா நிமிர்ந்தாள். "இது தெரிஞ்சதுதானே?"

"வந்தவங்க பேரையும் படி."

அவள் விரல் பட்டியலில் இறங்கி, ஏழாவது பெயரில் நின்றது. குஸ்மா லூகிச்.

அன்றுபோலவே ரிம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாரும் தூக்குறாங்களேன்னு நானும் தூக்கிட்டேன், ரிம்மா."