வலது கை வளையல்கள்

கம்ப்யூட்டர் திரையில் இன்னும் 'வலது மணிக்கட்டு' என்றுதான் இருந்தது.

எழுதியது அவன்தான். அதுவும் காலையில், அந்த அம்மாளை மேசையில் படுக்கவைப்பதற்கு முன்பே.

முன்கூட்டியே எழுதிவைப்பது அங்கே வழக்கம். வரிசையாக ஆள் காத்திருக்கும்போது ஒவ்வொருவருக்கும் யார் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பது? நேற்றைய குறிப்பை நகலெடுத்துப் பெயரையும் வயதையும் மாற்றினால் வேலை முடிந்தது. வலது மணிக்கட்டு வழியே ஆஞ்சியோ. சிக்கல் ஏதும் இல்லை. நடக்கலாம், சாப்பிடலாம்.

மணிக்கட்டில்தான் ஆரம்பித்தான். ரத்தக்குழாய் இறுகிக்கொண்டு கம்பியை உள்ளே விட மறுத்தது. கையில் கட்டுப் போட்டுவிட்டுத் தொடை வழியாகப் போனான். சரியான முடிவு. எந்த டாக்டரும் அதைத்தான் செய்திருப்பார்.

அந்த அம்மாள் சண்முகக்கனியின் இதயத்தில் ஓர் அடைப்பும் இல்லை.

அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். குறிப்பை மாற்ற மறந்துபோனான்.

கைவழி என்றால் நோயாளி எழுந்து நடக்கலாம். தொடைவழி என்றால் ஆறு மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது.

வார்டில் நர்ஸ் பியூலா குறிப்பைப் படித்தாள். கையில் கட்டும் இருந்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பாத்ரூம் போகணும் என்று அந்த அம்மாள் கேட்டபோது தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து படுத்ததும் இடுப்பு வலிக்கிறது என்றாராம். தொடையில் குத்தியதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ரத்தம் வெளியே வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். அது உள்ளுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியவர், மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கீழே அவருடைய தம்பி போலீசுக்குப் போகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தான். நடத்திக் கூட்டிப்போனது யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

நிர்வாகத்திலிருந்து போன் வந்தது.

"டாக்டர், அஞ்சு மணிக்கு ரெக்கார்டு லாக் ஆயிரும், அப்புறம் எதையும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துருங்க."

இந்த மாதிரி சமயத்தில் யாரும் அதற்கு மேல் சொல்வதில்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்திலும் பயமே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

'வலது மணிக்கட்டு' என்பதை அழித்தான். 'மணிக்கட்டில் முயன்று, பின் வலது தொடை வழியே' என்று அடித்தான். இது உண்மை.

'ஆறு மணி நேரம் அசையக் கூடாது' என்று சேர்த்தான். காலையிலேயே எழுதியிருக்க வேண்டியது.

'வார்டு நர்ஸிடம் நேரில் சொல்லப்பட்டது.'

இதை அடிக்கவும் அதிக நேரம் ஆகவில்லை.

கதவருகில் யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தான். பியூலா. பேறுகால லீவு முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சார், கைன்னுதான சார் போட்டிருந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

உதடு அசைய அசையப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். அவனைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். தன் கண்ணைவிட அந்தத் திரையை அவள் நம்பினாள்.

"நீங்க சொன்னது ஞாபகமே இல்ல சார். பிள்ள ராத்திரி தூங்கவே விடமாட்டேங்கான். காலைல வலது கை வளையல நான்தான் சோப்புப் போட்டுக் கழட்டுனேன். அதுலயே கைன்னு மனசுல பதிஞ்சிருச்சு போல."

அவன் தேடிக்கொண்டிருந்த காரணத்தை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். இருமினான்.

வராந்தாவில் சண்முகக்கனியின் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பியூலா வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

"சுமங்கலியாப் போறா. வெறுங்கையோட அனுப்ப வேண்டாம். இதப் போட்டுவிடுதியாம்மா?"

அவள் துண்டோடு வாங்கிக்கொண்டாள். குழாயடியில் சோப்பை எடுத்துக் கையை நனைத்தாள்.

அவன் எழுந்து கதவருகில் வந்து நின்றான். எதிரே திரைச்சீலை பாதி விலகியிருந்தது. கட்டிலில் அந்த அம்மாள். பியூலா மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தாள். அவன் குத்திய இடம் சின்னப் புள்ளியாகக் கறுத்திருந்தது.

அவள் ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். அந்தப் புள்ளியில் உரசிவிடாமல், வலித்துவிடும் என்பதுபோல், பார்த்துப் பார்த்து ஏற்றினாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாக இன்னும் நேரம் இருந்தது.

அவள் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஐந்தாகும்வரையும் நின்றான்.